விண்மீன் காண ஓர் இடம்

வானம் எல்லா ஊர்க்கும் பொதுவாயிற்றே, அதனைக் காண்பதற்குத் தனியே ஓர் இடம் தேடுவானேன் என்று சிலர் வினவக்கூடும். நகரத்து மாடியில் நின்று அண்ணாந்து பார்ப்போர்க்கு அதற்கு விடை எளிதிற் கிடைத்துவிடும். தெருவிளக்குகளின் ஒளி மேல்நோக்கிச் சென்று, காற்றிலுள்ள தூசியிலும் நீராவியிலும் பட்டுச் சிதறி, ஊரின்மேல் வெண்ணிறப் போர்வை ஒன்றை விரித்துவிடுகின்றது. பால்வீதி அப்போர்வைக்குள் மறைந்துபோகின்றது. எத்துணைப் பெரிய தொலைநோக்கியும் அதனை முழுதும் விலக்க இயலாது.

இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவர் வேணு பாப்பு என்னும் வானியல் அறிஞர். 1960ஆம் ஆண்டில் அவர் கொடைக்கானல் வான் ஆய்வுக்கூடத்தின் தலைமையை ஏற்றார். 1899இல் அமைந்த அக்கூடம் கதிரவனை ஆராய்வதற்கு மிகவும் ஏற்றது. ஆனால் அம்மலையின் இரவுகளிலோ முகிலும் மூடுபனியும் மிகுதி. எனவே விண்மீன்களை ஆராய வேறிடம் வேண்டுமென்று கருதிய பாப்பு, பல இடங்களை ஆராய்ந்து, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். திருவண்ணாமலை மாவட்டம் வரை பரந்து கிடக்கும் மலைத்தொடர் அது. காவலூர் இன்று திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதன் உயரம் ஏறத்தாழ 725 மீட்டரே. கொடைக்கானலின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத இடத்தை அவர் விரும்பியது வியப்பாகத் தோன்றலாம். உயரம் மட்டுமே தகுதியாகாது என்பதை அவர் அறிந்திருந்தார். சுற்றிலும் காடு, பெரிய ஊர்கள் தொலைவில். நிலநடுக்கோட்டிலிருந்து பன்னிரண்டரைப் பாகை வடக்கே இருப்பதால், தென்வானத்தின் பெரும்பகுதியும் அங்கிருந்து புலப்படும்.

1968இல் 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அங்கே பணியைத் தொடங்கிற்று. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. அவ்வாண்டிலேயே வியாழனின் துணைக்கோளாகிய கனிமீடு ஒரு விண்மீனை மறைத்த நிகழ்ச்சியை ஆராய்ந்து, அத்துணைக்கோளில் மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான அறிகுறியைக் கண்டனர். 1977இல் யுரேனஸின் வளையங்களும் அங்கு நோக்கப்பட்டன. பாப்பு 1982இல் மறைந்தார். 1986 முதல் அக்கூடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

பெரியோர் கையாண்ட இம்முறை, சிறு தொலைநோக்கி வைத்திருக்கும் மாணவனுக்கும் பொருந்தும். திருவில்லிபுத்தூரில் வாழும் ஒருவனை எடுத்துக்கொள்வோம். ஆலைகள் நிறைந்த இராசபாளையம் அவ்வூருக்குத் தென்மேற்கே உள்ளது. ஆதலின் அத்திசையின் அடிவானம் வெளுத்திருக்கும். மேற்கே மலைத்தொடர் மதில்போல் எழுந்து, மறையும் விண்மீன்களை முன்னதாகவே மறைத்துவிடும். மலைக்காடு நல்ல இருளுடையதுதான். ஆயினும் 1988இல் சாம்பல்நிற அணிலுக்கெனப் புகலிடமாக்கப்பட்டு, 2021இல் புலிகள் காப்பகத்தில் சேர்க்கப்பட்ட அக்காட்டினுள் இரவில் நுழைதல் ஆகாது, யானையும் நடமாடும். திருவண்ணாமலை என்று வழங்கும் பெருமாள் கோயில் குன்றின் பக்கத்தேயோ வேறு புறத்தேயோ, தெருவிளக்கு கண்ணிற் படாத திறந்த வயல்வெளியே அவனுக்கு உகந்தது. நிலத்துக்குரியவரிடம் இசைவு பெற்று, பெரியவர் ஒருவரோடு செல்லவேண்டும். பகலில் வெயிலை உண்ட பாறையும் சுவரும் இரவில் வெப்பத்தை உமிழும். மேலெழும் அக்காற்று விண்மீனின் உருவை நடுங்கச்செய்யும். ஆகவே அவற்றின் அருகே தொலைநோக்கியை நிறுத்தலாகாது. பள்ளமான நிலத்திலோ குளிர்ந்த காற்று தேங்கி, கண்ணாடியிற் பனி படியும்.

காலமும் பார்க்கவேண்டும். இரு பருவமழைகளும் ஓய்ந்த தை முதல் பங்குனி வரையிலான நிலவில்லா இரவுகள் சிறந்தவை. இருளுக்குக் கண் பழக அரைமணி நேரம் ஆகும். இடையே கைப்பேசியை ஒருமுறை நோக்கினாலும் அப்பழக்கம் கெட்டுவிடும். குறிப்பெழுத மங்கிய சிவப்பு விளக்கே போதும்.

தேர்ந்த இடம் ஏற்றதுதானா என்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. பங்குனி நடுப்பகுதியில், நள்ளிரவை ஒட்டித் தெற்கு நோக்கி நின்று, கையை நீட்டி இரண்டு முட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடிவானத்தில் வைத்துப் பார்த்தால், மேல்முட்டியின் உச்சியருகே தென்சிலுவை தோன்றும். அதற்கு மேலே, சற்றுக் கிழக்கே, ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் கொத்து மங்கலான புகைப்பொட்டாக வெறுங்கண்ணுக்குத் தெரிந்தால், அவ்வயலை விட்டு வேறிடம் தேடவேண்டுவதில்லை.