நலங்கு மாவு முதல் சோப்பு வரை: வீட்டிலேயே பாதுகாப்பாகச் செய்வது எப்படி?

செல்போனைத் திறந்தால் போதும், குளியல் பொடி, கற்றாழை ஜெல், மூலிகை எண்ணெய், வீட்டு சோப்பு என்று வீடியோக்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. பார்த்ததும் செய்யத் தோன்றும். "எல்லாம் இயற்கைதானே, ஒண்ணும் ஆகாது" என்றும் தோன்றும். ஆனால் எருக்கம்பாலும் இயற்கைதான். அதை யாரும் கண்ணில் படவிட மாட்டோம். எதைச் சேர்க்கிறோம், எவ்வளவு நாள் வைத்திருக்கிறோம் என்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

முதலில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள்: தண்ணீர் இருக்கும் இடத்தில் கிருமி வளரும். பொடி, எண்ணெய், ஜெல் என எதைச் செய்தாலும், அதில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தாலே அது எத்தனை நாள் தாங்கும் என்பது தெரிந்துவிடும்.

பொடி வகைகள்

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நலங்கு மாவுதான் நல்லது. பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, ரோஜா இதழ், பூலாங்கிழங்கு, வெட்டிவேர் எல்லாவற்றையும் தனித்தனியாக வெயிலில் காய வையுங்கள். பூவைக் கையில் கசக்கினால் நொறுங்க வேண்டும். லேசாக மடங்கினால்கூட இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

• மில்லில் கொடுக்கும்போது, அதற்கு முன் மிளகாய் அரைத்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சீயக்காய்க்கென்று தனி மெஷின் இருந்தால் அதில் கொடுங்கள்.
• அரைத்த மாவு சூடாக இருக்கும். அப்படியே டப்பாவில் மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். தாளில் பரப்பி ஆறவிட்டு, சலித்து எடுத்து வையுங்கள்.
• ஈரக் கையோ ஈர ஸ்பூனோ டப்பாவுக்குள் போகக் கூடாது. வேண்டிய அளவை மட்டும் எடுத்துக் குழைத்து, மீதியானதைக் கொட்டிவிடுங்கள்.
• நாட்டு மருந்துக் கடைப் பட்டியலில் கார்போகரிசி இருந்தால் கவனம். அதிலுள்ள சொராலென் என்ற பொருள், வெயில் படும்போது தோலைச் சிவக்க வைக்கும், கொப்புளமும் வரலாம். வெயிலில் வேலை பார்ப்பவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.
• கைக்குழந்தைக்குப் பொடியைத் தூவாதீர்கள். மூச்சில் ஏறிவிடும்.

மூலிகை எண்ணெய்

கறிவேப்பிலை, குப்பைமேனி போன்ற பச்சை இலைகளை எண்ணெயில் சும்மா ஊறப்போட்டால், இலையிலுள்ள நீர் எண்ணெயோடு தங்கிவிடும். சிறு தீயில் காய்ச்சி, சடசடப்பு முழுவதும் அடங்கிய பிறகு இறக்குங்கள். சடசடப்பு நின்றால் நீர் வற்றிவிட்டது என்று பொருள். ஆறியதும் வடிகட்டி, காய்ந்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றுங்கள்.

லாவெண்டர், டீ ட்ரீ போன்ற வாசனைத் தைலங்களை நேரடியாகத் தோலில் தடவக் கூடாது. 10 மில்லி தேங்காய் அல்லது நல்லெண்ணெய்க்கு 2 சொட்டு போதும். கூடுதலாக ஊற்றினால் பலன் கூடாது, எரிச்சல்தான் கூடும்.

கற்றாழை ஜெல், ஃபேஸ் பேக்

இவை முழுக்க நீர் நிறைந்தவை. கற்றாழை மடலை வெட்டியதும் அரை மணி நேரம் சாய்த்து நிறுத்துங்கள். வடியும் மஞ்சள் பால் சிலருக்கு அரிப்பு தரும். நன்கு கழுவிய பிறகே சதையை எடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். நிறமோ வாசனையோ மாறினால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

"வைட்டமின் ஈ மாத்திரை போட்டா கெடாது" என்று சொல்வது சரியல்ல. அது எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போடும், கிருமியைத் தடுக்காது.

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்ப்பதையும் விட்டுவிடுங்கள். நம் தோலின் அமிலகார அளவு, அதாவது பி.எச்., 5க்குப் பக்கத்தில் இருக்கும். எலுமிச்சைச் சாறு சுமார் 2, சமையல் சோடா 8க்கு மேல். இரண்டுமே தோலுக்கு ஒத்துவராது. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் புண்ணாகி, கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கலாம்.

சோப்பு: இங்கேதான் ஆபத்து அதிகம்

எண்ணெயைச் சோப்பாக்க காஸ்டிக் சோடா வேண்டும். இது தோலையும் கண்ணையும் எரித்துவிடும். பழக்கமில்லாதவர்கள் கடையில் கிடைக்கும் சோப்பு பேஸ் வாங்கி, உருக்கி அச்சில் ஊற்றினால் போதும். காஸ்டிக் சோடாவில்தான் செய்வேன் என்றால் இவற்றை விடாதீர்கள்:

• கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது.
• தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.
• அலுமினியப் பாத்திரம் வேண்டாம். எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள்.
• அளவை டம்ளரால் பார்க்காமல் டிஜிட்டல் தராசில் எடை போடுங்கள். ஒவ்வொரு எண்ணெய்க்கும் சோடா அளவு மாறும்.
• செய்த சோப்பை 4 முதல் 6 வாரம் காற்றோட்டமாக ஆறவிட்ட பிறகே பயன்படுத்துங்கள்.
• மீதமுள்ள சோடாவைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். வினிகர், எலுமிச்சை எதுவும் ஊற்ற வேண்டாம். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108க்கு அழையுங்கள்.

தடவும் முன் ஒரு சோதனை

எதைச் செய்தாலும் முதலில் முழங்கை மடிப்பின் உள்பக்கம் சிறிது தடவி, 48 மணி நேரம் பாருங்கள். சிவப்பு, அரிப்பு, தடிப்பு வந்தால் அது உங்களுக்கு வேண்டாம். டப்பா மேல் செய்த தேதியையும் சேர்த்த பொருட்களையும் எழுதி, செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வாமை வந்தால் டாக்டரிடம் காட்ட அதுவே உதவும்.

விற்கலாமா?

வீட்டுக்குச் செய்துகொள்ள உரிமம் தேவையில்லை. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் பத்துப் பேருக்கு விற்பதற்காகத் தயாரித்தாலும் சட்டம் பொருந்தும். மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940, அழகுசாதனப் பொருட்கள் விதிகள் 2020 ஆகியவற்றின்படி, விற்பனைக்காகத் தயாரிக்க மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். சொந்த இடத்தில் தயாரிக்க சி.ஓ.எஸ்.-5 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தனி இட வசதி இல்லாத சுய உதவிக் குழுவினர், ஏற்கெனவே உரிமம் பெற்ற தொழிற்கூடத்தில் தங்கள் பெயரில் தயாரிக்க சி.ஓ.எஸ்.-6 படிவத்தில் விண்ணப்பிக்கலாம். தொழில் தொடங்குவது பற்றிய ஆலோசனைக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம்.

நீங்கள் வாங்குபவராக இருந்தால், லேபிளில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதி, சேர்மானப் பொருட்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். "ஹோம்மேட்" என்ற வார்த்தை மட்டும் இருந்தால் போதாது.

குறித்துக்கொள்ளுங்கள்
அவசர ஆம்புலன்ஸ்: 108
மருத்துவ ஆலோசனை: 104
தேசிய நுகர்வோர் உதவி எண்: 1915