78 சூத்திரமும் வேண்டுமா?

அலவத்துகொட பகுதியில் உங்கள் வீட்டிலும் ரூபிக் கியூப் திருப்பும் பிள்ளை இருக்கலாம். ஒரு நிமிடத்துக்குள் முடிக்கப் பழகியதும், "உம்மா, இனி 78 சூத்திரம் பாடமாக்கணும்" என்று வந்து நிற்கும். அந்த எண்ணிக்கையைக் கண்டே சோர்ந்து கைவிடும் பிள்ளைகள் உண்டு.

இந்த 78உம் கடைசி அடுக்குக்கு மட்டும்தான். மேல் முகத்தை ஒரே நிறமாக்க 57. துண்டுகளை உரிய இடத்தில் சேர்க்க 21. இம்முறையைப் பரவச் செய்தவர் ஜெசிக்கா ஃப்ரிட்ரிக். செக் நாட்டில் பிறந்து, அமெரிக்காவில் பேராசிரியரான பெண்மணி!

ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டாகப் பிரித்துச் செய்தால் 16 போதும். முதலில் அவை, பிறகு 21ஐயும் நிறைவு செய்யட்டும். 57க்கு அவசரமில்லை. நேரம் அதிகம் போவது முதல் இரண்டு அடுக்குகளில். அங்கே வேண்டியது மனப்பாடத்தைவிட, அடுத்த துண்டைத் தேடும் கண்.

ஹிப்ழ் ஓதும் பிள்ளை பழைய பாடத்தை ஒப்புவிக்காமல் புதியதற்குப் போவதில்லையே! இங்கும் அப்படித்தான். 400க்கு மேல் சூத்திரங்கள் கொண்ட தொகுதியும் இருக்கிறது, ஓ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைக்கு அது எதற்கு?

பிள்ளை பத்துத் தடவை செய்யும்போது பக்கத்தில் அமருங்கள். கை எந்த அமைப்பில் தயங்கி நிற்கிறதோ, அதற்குரிய சூத்திரத்தையே அடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.