வண்டிகள் பேசிக்கொள்ள ஒரு போட்டி

ஆவுடையார்கோவில் ஆத்மநாத சுவாமி கோயிலில் கொடுங்கை எனும் கூரை இறவாரத்தை அண்ணாந்து பார்த்தால், அது கருங்கல் என்று நம்பவே சற்று நேரமாகும். மரச்சட்டம், கம்பி, குமிழ் ஆணி எல்லாமே கல். பழைய ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதும்போது, இந்தக் கொடுங்கை போன்ற சில வேலைகள் நீங்கலாக எதையும் செய்து தருகிறோம் என்று எழுதுவார்களாம். எதை வைத்து அளப்பது என்பதை முதலிலேயே சொல்லிவிடும் நேர்மை அது. இணைப்பு வாகனங்களுக்காகப் போட்டி நடத்துகிறவர்களுக்கும் முதலில் வேண்டியது அதுதான்.

இணைப்பு வாகனம் என்பது தன் இடம், வேகம், பிரேக் பிடித்த நொடி ஆகியவற்றைச் சுற்றியுள்ள வண்டிகளுக்கு அலைவழியே சொல்லிக்கொண்டே போகும் வாகனம். இதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2011-இல் பொதுமக்களிடமே கேட்டது. யோசனை மட்டும் போதும். வென்றவர்களுக்கு ஆர்லாண்டோவில் நடந்த போக்குவரத்துத் தொழில்நுட்ப உலக மாநாட்டுக்குப் பயணம் பரிசு.

ஆனால் யோசனையை மேசையில் வைத்து அளப்பது வேறு, சாலையில் அளப்பது வேறு. ஓட்டுநரில்லா வண்டிகளுக்காக அந்நாட்டு ராணுவ ஆய்வு அமைப்பு 2004-இல் பாலைவனத்தில் பந்தயம் வைத்தது. சுமார் 240 கி.மீ. பாதையில் 12 கி.மீ.கூட எந்த வண்டியும் தாண்டவில்லை. பரிசை யாருக்கும் கொடுக்காமல், தொகையை இரட்டிப்பாக்கி மறுபடி அழைத்தார்கள். 2005-இல் ஐந்து வண்டிகள் முழுப் பாதையையும் கடந்தன. நிபந்தனையைத் தளர்த்தாததால் கிடைத்த பலன் இது என்பேன்.

நம் நாட்டில் 2017 முதல் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் நடக்கிறது. அமைச்சகங்கள் தரும் சிக்கல்களுக்கு மாணவர்கள் 36 மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் சிக்கலை எழுதுகிறவர் எந்தச் சாலையை மனதில் வைத்து எழுதுகிறார்?

தை, மாசியில் அந்திசாயும் நேரம் கிராமத்துத் தார்ச்சாலையில் போய்ப் பாருங்கள். பாதிச் சாலையில் நெல் காய்கிறது. குவித்துத் தார்ப்பாய் மூடி, ஓரம் பறக்காமல் கருங்கல் வைத்திருப்பார்கள். விளக்கு கிடையாது. பைக்கில் வருகிறவர் கடைசி நொடியில் ஒடித்துத் தப்புகிறார். பின்னால் வரும் பேருந்துக்கு அதைச் சொல்ல வழியில்லை. 2019-இலிருந்து புதிதாகப் பதிவாகும் பேருந்துகளில் இடங்காட்டிக் கருவியும் அவசரப் பொத்தானும் கட்டாயம்தான். ஆனால் அந்தக் கருவி கட்டுப்பாட்டு அறையோடு பேசுமே தவிர, முன்னால் போகும் பைக்கோடு பேசாது.

ஆகவே நாம் வைக்கும் போட்டியின் கேள்வியை இப்படி எழுதலாம்: குவியலை முதலில் பார்த்தவர், செல்போன் டவர் எட்டாத இடத்திலும், பின்னால் வருகிறவரை எச்சரிப்பது எப்படி? கருவியின் விலை ஒரு ஹெல்மெட் விலையைத் தாண்டக் கூடாது. யோசனை யாருக்குச் சொந்தம் என்பதும் விண்ணப்பத்திலேயே இருக்கட்டும். இறுதிச் சுற்றை ஆவுடையார்கோவில் – மீமிசல் சாலையில், அறுவடைக் காலத்தில், இருட்டிய பிறகு நடத்த வேண்டும். நடுவர்களில் ஒருவர் அந்தத் தடத்தில் பேருந்து ஓட்டுகிறவராகவும், இன்னொருவர் நெல் காயவைக்கும் விவசாயியாகவும் இருக்க வேண்டும்.