பவளத் திட்டின் மேல் மிதத்தல்

எங்கள் திருக்கனூர்ப் பிள்ளைகள் பாசனக் கிணற்றில் தலைகீழாகப் பாய்வார்கள். ஆயினும் நீருக்கடியில் எதையும் தெளிவாகக் கண்டதாக எவரும் சொல்வதில்லை. ஒளி காற்றிலிருந்து கண்ணுக்குள் புகும்போது நன்றாக வளைகிறது. நீரிலிருந்து புகும்போது அவ்வளைவு குறைந்துவிடுவதால் உருவம் மங்குகிறது. கண்ணுக்கு முன்னே சிறிது காற்றை அடைத்து வைத்தால் குறை நீங்கும். நீச்சல் முகக்கண்ணாடி செய்யும் வேலை அவ்வளவே. அதன் வழியே பார்த்தால் மீன் மூன்றிலொரு பங்கு பெரியதாகவும் தோன்றும்.

அடுத்தது மூச்சுக்குழல். முகத்தை நீரில் கவிழ்த்தவாறே இதன் மூலம் வாயால் மூச்சு விடலாம். குழல் ஒரு முழத்திற்கு மேல் நீள்வதில்லை. நீண்ட குழல் இருந்தால் ஆழத்திற்கே போகலாமே என்று வகுப்பில் யாராவது ஒருவன் கேட்காமல் இருக்கமாட்டான். நல்ல கேள்வி! ஒரு மீட்டர் ஆழத்தில் நெஞ்சின் ஒவ்வொரு சதுர அடியையும் ஏறக்குறைய 93 கிலோ எடை அழுத்துகிறது. அந்தச் சுமையைத் தள்ளிக்கொண்டு நுரையீரல் விரிய இயலாது. மேலும், வெளிவிட்ட காற்றே குழலில் தங்கி மீண்டும் உள்ளே வரும்.

இவ்விரு கருவிகளுடன் காணத்தக்க பவளத் திட்டுகள் இராமநாதபுரம் கரையோரத்திலேயே இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. அங்கே நினைத்தபடி இறங்க முடியாது. பாக் விரிகுடாப் பக்கம் பிரப்பன்வலசையில் வனத்துறை, உள்ளூர் மக்களின் துணையுடன், இத்தகைய நீச்சலுக்கு வகை செய்திருக்கிறது. மிதவைச் சட்டையும் வழிகாட்டியும் இன்றி இறங்கலாகாது.

பவளம் கல்லன்று. சிறு உயிர்கள் சுண்ணாம்பைச் சுரந்து எழுப்பிய வீடு அது. அவ்வுயிர்களின் உடலுக்குள் நுண்பாசிகள் வாழ்ந்து, வெயிலைக் கொண்டு உணவு சமைத்துத் தருகின்றன. ஆதலால்தான் திட்டு ஆழமற்ற நீரில் வளர்கிறது; புதியவர்களும் அதனை எளிதில் காண முடிகிறது. நீர் அளவுமீறிச் சூடேறினால் பாசி பிரிந்து பவளம் வெளிறும். 2016ஆம் ஆண்டுக் கோடையில் இங்கே அவ்வாறு நிகழ்ந்தது.

ஆழம் குறைவு என்பதிலேயே ஓர் ஆபத்தும் உண்டு. களைத்தவன் காலை ஊன்ற நினைக்கிறான். உருண்டைப் பவளம் ஆண்டுக்குச் சுமார் 1 செ.மீ. வளரும், முழங்காலுக்கு மேலெழுந்த ஒன்று என் வயதை ஒத்தது. ஒரு மிதியில் அதன் மேற்புறத்து உயிர்கள் நசுங்கும். கிளைப்பவளமோ ஒடிந்தே போகும். காலிலும் ஆறாத கீறல் விழும். களைப்புற்றால் மல்லாந்து மிதந்து வழிகாட்டிக்குக் கையை உயர்த்துங்கள். கடல்நீர் கிணற்று நீரினும் அடர்த்தி மிக்கது. உடலை எளிதாகவே தாங்கும்.