சாவி போய் அட்டை வந்தது

வாடகை மின்மோட்டார் எடுக்கும் குடும்பங்கள் அறிய வேண்டுவன

திண்டுக்கல் பூட்டைப் பற்றித் தமிழ்நாட்டில் அறியாதார் இல்லை. அவ்வூர்க் கைவினைஞர் அடித்துச் செய்யும் மாங்காய்ப் பூட்டுக்கு அதனுடைய சாவி ஒன்றே துணை. பூட்டும் சாவியும் ஒரே கையில் பிறந்தவை. 2019-ஆம் ஆண்டில் அப்பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் இல்லங்களிலோ, கொத்துச்சாவி எவர் இடுப்பில் இருக்கிறதோ அவரிடமே குடும்பப் பொறுப்பும் இருந்து வந்தது. ஊருக்குச் செல்லும்போது அடுத்த வீட்டாரிடம் சாவியைக் கொடுத்தோமானால், நம் நம்பிக்கை முழுவதையும் அவரிடம் கொடுத்தோம் என்பது பொருள். சாவி கைமாறினால் உரிமையும் கைமாறியது. சாவி திரும்பி வந்தால் உரிமையும் திரும்பி வந்தது. இதுவே நெடுங்காலமாக நாம் அறிந்த கணக்கு.

இந்தக் கணக்கு இன்று மாறி வருகிறது. அம்மாற்றத்தை நம் குடும்பங்கள் முதன்முதலில் நேருக்கு நேர் காணும் இடங்களுள் ஒன்று வாடகை மின்மோட்டார் ஆகும்.

ஹைதராபாத்தில் நம்மவர்

மாரெட்பள்ளியிலும் பத்மராவ் நகரிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஒருபுறம். கச்சிபௌலியிலும் கொண்டாப்பூரிலும் மியாப்பூரிலும் உத்தியோக நிமித்தம் வந்து சேர்ந்த இளங்குடும்பங்கள் மற்றொருபுறம். இவர்களுள் சொந்த மோட்டார் வைத்துக்கொள்ளாதவர் பலர். ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்கும் சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்கும் அழைத்துச் செல்லவும், விடுமுறையில் ஸ்ரீசைலம் சென்று வரவும், ஓரிரு நாளைக்கு ஒரு மோட்டாரை வாடகைக்கு அமர்த்தித் தாமே ஓட்டிச் செல்வது இன்று வழக்கமாகிவிட்டது.

மின்சார வண்டிகளும் இந்நகருக்குப் புதியவை அல்ல. 2017 நவம்பரில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய பின்னர், 2018-இல் மியாப்பூர் மெட்ரோ நிலையத்தில் சூம்கார் கம்பெனியின் மின்மோட்டார்கள் வாடகைக்கு வந்தன. 2019-இல் அரசுப் போக்குவரத்துக் கழகம் மின்சாரப் பேருந்துகளை விமான நிலையத் தடத்தில் விட்டது. 2024 நவம்பரில் தெலங்கானா அரசு மின்வண்டிகளுக்குச் சாலை வரியிலிருந்தும் பதிவுக் கட்டணத்திலிருந்தும் 2026 டிசம்பர் இறுதி வரை விலக்கு அறிவித்தது. ஆகவே வாடகைக்கு மோட்டார் எடுக்கச் செல்லும் அன்பருக்கு மின்மோட்டார் கிடைப்பது இனி வியப்பன்று.

அப்படிக் கிடைக்கும் மின்மோட்டார்களுள் சிலவற்றுக்கு உலோகச் சாவி இல்லை. அதற்கு மாறாக வங்கி அட்டை அளவில் ஓர் அட்டை தரப்படுகிறது. டெஸ்லா கம்பெனியின் வண்டிகளில் ஓட்டுநர் பக்கத்துக் கதவுத் தூணில் அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும். பி.ஒய்.டி. கம்பெனியின் சில வண்டிகளில் பக்கக் கண்ணாடியருகே காட்ட வேண்டும். அமெரிக்காவில் ஹெர்ட்ஸ் என்னும் வாடகைக் கம்பெனி ஒரு லட்சம் டெஸ்லா மோட்டார் வாங்கப்போவதாக 2021 அக்டோபரில் அறிவித்து, வாடகைக்காரர் கையில் இத்தகைய அட்டைகளையே கொடுத்தது. பழுதுபார்க்கும் செலவு முதலிய காரணங்களால் 2024 ஜனவரியில் 20,000 மின்வண்டிகளை விற்கப்போவதாக அதே கம்பெனி அறிவித்ததும் உண்டு. ஆயினும் அட்டைச் சாவி நின்றுவிடவில்லை, பரவியே வருகிறது.

அட்டைக்குள் இருப்பது என்ன?

மெட்ரோ ரயில் வாயிலில் அட்டையைக் காட்டி உள்ளே செல்லும் அன்பர்கள் இந்த விந்தையை ஏற்கெனவே கண்டவர்களே. அட்டையில் மின்கலம் இல்லை. மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றும், கடுகினும் சற்றே பெரிய சில்லு ஒன்றும் உள்ளே உண்டு. வாயிலிலோ கதவிலோ உள்ள கருவி, வினாடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை அதிரும் மின்காந்த அலையை எழுப்புகிறது. அட்டை சில விரற்கடை தூரத்துக்குள் வந்ததும், கம்பிச் சுருளில் மின்சாரம் பிறந்து சில்லு விழித்துக்கொள்கிறது.

விழித்ததும் ஓர் உரையாடல் நடக்கிறது. மோட்டார் ஒரு கேள்வி கேட்கிறது. அக்கேள்வி ஒவ்வொரு முறையும் வேறு. அட்டை தன்னுள் பொதிந்த இரகசியத்தைக் கொண்டு கணக்கிட்டு விடை கூறுகிறது. இரகசியத்தை அது வெளியிடுவதே இல்லை. ஆதலின் இடையில் ஒருவன் ஒட்டுக்கேட்டாலும், நேற்றைய விடை இன்றைய கேள்விக்கு உதவாது. எல்லா அட்டைகளும் இத்துணை வலியன என்று கருதிவிடலாகாது. உலகெங்கும் புழங்கிய மைஃபேர் கிளாசிக் என்னும் அட்டையின் இரகசியக் கணிதத்தை 2008-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு நைமெகன் பல்கலைக்கழகத்தார் அவிழ்த்துக் காட்டினர். அதன்பின் அவ்வகை அட்டையை நகலெடுப்பது எளிதாயிற்று. நல்ல மோட்டார் அட்டைகள் அதனினும் உயர்ந்த முறையைக் கையாளுகின்றன.

விடுதிக் கதவும் மோட்டார்க் கதவும்

அட்டையால் கதவு திறக்கும் எண்ணம் தங்கும் விடுதிகளில் வளர்ந்தது. 1970-களில் நார்வே நாட்டைச் சேர்ந்த தோர் சோர்னெஸ் என்பவர், 32 துளையிடங்கள் கொண்ட பிளாஸ்டிக் அட்டையால் திறக்கும் பூட்டு ஒன்றை அமைத்தார். ஒவ்வோர் இடத்திலும் துளை இருக்கலாம், இல்லாதிருக்கலாம். ஆக 429 கோடிக்கு மேற்பட்ட வெவ்வேறு சாவிகள் இயலும். அவருடைய பூட்டின் பெருஞ்சிறப்பு அதுவன்று. புதிய விருந்தினருக்கு வேறு அட்டை தந்து பூட்டையும் அதற்கேற்ப மாற்றிவிட்டால், பழைய விருந்தினரின் அட்டை அக்கணமே பயனற்றுப் போகும். அவர் அதைத் திருப்பித் தராமல் ஊருக்கே எடுத்துச் சென்றாலும் கவலை இல்லை.

இங்கேதான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டிய வேறுபாடு உள்ளது. விடுதிக் கதவு பழைய விருந்தினரை மறந்துவிடும். மோட்டார் அவ்வாறு தானே மறப்பதில்லை. அது குடும்பத்தார் பலரும் ஓட்டுவதற்கென்று செய்யப்பட்டது. கணவர் அட்டை, மனைவி அட்டை, மகனுடைய செல்பேசி என்று பல சாவிகளை ஒரே காலத்தில் தன் பதிவேட்டில் வைத்துக்கொள்ளும். எவரேனும் நீக்கும் வரை அவை அனைத்தும் செல்லும்.

அப்பதிவேட்டில் புதுப் பெயர் சேர்வது எவ்வாறு? முன்பெல்லாம் வங்கியில் கணக்குத் திறக்கப் பழைய கணக்குக்காரர் ஒருவர் அறிமுகக் கையெழுத்து இடுவார் அல்லவா? அதே முறைதான். டெஸ்லா போன்ற வண்டிகளில் புது அட்டையைக் காட்டி, பின்னர் ஏற்கெனவே பதிவான அட்டையைக் காட்டினால் புதியது சேர்ந்துவிடும். இவ்வசதியை வைத்துக்கொண்டு, வெற்று அட்டையிலும் மோதிரத்திலும் சில்லைப் பொருத்திச் சாவியாக்கிக் கொள்வோரும் உளர். 2019-இல் அமெரிக்கப் பெண்மணி ஒருவர் சில்லைத் தம் கைத்தோலின் கீழே வைத்துக்கொண்டார்!

சொந்த மோட்டாருக்கு இது சௌகரியம். வாடகை மோட்டாருக்கோ இதுவே ஆபத்து. நமக்கு முன் எடுத்தவர் தம் செல்பேசியையோ வேறோர் அட்டையையோ பதிவு செய்துவிட்டு, கொடுத்த அட்டையை மட்டும் பணிவாகத் திருப்பித் தந்திருக்கலாம். உரிமையாளர் அதை நீக்க மறந்திருக்கலாம். நாம் குழந்தைகளோடும் பெட்டி படுக்கையோடும் சென்று நிறுத்திய வண்டியை, நாம் அறியாத ஒருவர் திறக்க இயலும். 2022-இல் மார்ட்டின் ஹெர்ஃபுர்ட் என்னும் ஆஸ்திரிய ஆய்வாளர், டெஸ்லா வண்டியை அட்டையால் திறந்தபின் 130 வினாடி வரை அருகிலுள்ள அந்நியர் ஒருவர் தம் சாவியைப் பதிவு செய்ய இடம் இருந்ததை வெளிப்படுத்தினார். பதிவேடு எத்துணை முக்கியமானது என்பதற்கு இதுவே சான்று.

ஆகவே நாம் மனத்தில் இருத்த வேண்டுவது ஒன்றே: கையிலுள்ள அட்டை சாவியன்று, அது வெறும் அனுமதிச் சீட்டு. உண்மையான சாவி, வண்டிக்குள் இருக்கும் பதிவேடு.

எடுக்கும்போது

முதலாவது, பெற்றுக்கொள்ளும் இடத்திலேயே உரிமையாளர் முன்னிலையில் அட்டையால் கதவைத் திறந்து, பூட்டி, வண்டியைக் கிளப்பிப் பார்த்துவிட வேண்டும். உள்ளே அட்டையை வைக்க வேண்டிய இடம் வண்டிக்கு வண்டி வேறுபடும். கேட்டுத் தெரிந்துகொள்வதில் கூச்சம் வேண்டா.

இரண்டாவது, வண்டித் திரையில் சாவிகளின் பட்டியலைக் காட்டும்படி கேட்க வேண்டும். நமக்குத் தந்தவையும் உரிமையாளருடையவையும் தவிர வேறு இருந்தால், அவற்றை நீக்கித் தரச் சொல்வது நம் உரிமை. இது சந்தேகமன்று, வீடு குடிபுகுமுன் பின்வாசல் தாழ்ப்பாளைப் பார்ப்பது போன்ற முன்யோசனை.

மூன்றாவது, எண் பலகையைப் பார்க்க வேண்டும். மின்வண்டிக்குப் பச்சைப் பலகை. அதில் வெள்ளை எழுத்து இருந்தால் சொந்த உபயோக வண்டி; மஞ்சள் எழுத்து இருந்தால் வாடகைத் தொழிலுக்குப் பதிவானது. சொந்த வண்டியைக் கூலிக்கு விட்டு விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டை மறுக்கக்கூடும். அட்டை எவ்வளவு அழகாக வேலை செய்தாலும் அந்த இடரை அது தீர்க்காது.

வைத்திருக்கும்போது

தூரத்திலிருந்து பொத்தானை அழுத்திப் பழகியவர்கள், வண்டியை விட்டு இறங்கியதும் திரும்பிப் பாராமல் நடந்துவிடுகிறார்கள். அட்டையோ தூரத்தில் பேசாது. இறங்கியபின் கதவில் அட்டையைக் காட்டினாலன்றிப் பல வண்டிகள் பூட்டிக்கொள்வதில்லை. பூட்டியதைக் கண்ணால் கண்டபின் நடப்பதே நன்று.

மெட்ரோ அட்டை, வங்கி அட்டைகளோடு இதனைச் சேர்த்து வைத்துக் காட்டினால் கருவி குழம்பும். தனியே எடுத்துக் காட்டுக. செல்பேசிக்குக் கம்பியின்றி மின்னேற்றும் தட்டின்மேல் அட்டையை வைத்தல் ஆகாது, சில்லு கெடக்கூடும்.

திருமண மண்டபங்களில் வண்டி நிறுத்தும் பணியாளரிடம் சாவியைக் கொடுப்பது இந்நகரில் பெருவழக்கு. அட்டையைக் கொடுப்பதோ, அறிமுகக் கையெழுத்து இடும் அதிகாரத்தையே கொடுப்பதாகும். இயன்றவரை நாமே நிறுத்துதல் நலம். கொடுக்க நேர்ந்தால், வந்தபின் பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்ரீசைலம் செல்வோருக்கு ஒரு சொல். நல்லமலைக் காட்டுப் பாதையில் செல்பேசித் தொடர்பு இடையிடையே அற்றுப்போகும். செல்பேசியை மட்டும் சாவியாக நம்பிச் செல்வோர் அங்கே இடர்ப்படக்கூடும். அட்டைக்கு எந்தத் தொடர்பும் வேண்டியதில்லை; ஆகவே அதனை எவரேனும் ஒருவர் சட்டைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். மின்மோட்டாரில் பெரிய மின்கலம் நிறைந்திருந்தாலும், கதவுப் பூட்டை இயக்குவது பெரும்பாலும் 12 வோல்ட் சிறு மின்கலமே. அது செத்தால் அட்டையும் பயன்படாது. அப்போது யாரை அழைப்பது என்பதைப் புறப்படுமுன் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வது அறிவுடைமை.

அட்டை தொலைந்துவிட்டால் அஞ்ச வேண்டா; மறைக்கவும் வேண்டா. உலோகச் சாவி தொலைந்தால் பூட்டையே மாற்ற நேரும். அட்டையின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டால், அது கண்டெடுத்தவர் கையில் வெறும் பிளாஸ்டிக் துண்டு. ஆனால் உடனே தெரிவித்தால்தான் உடனே நீக்க இயலும். வைப்புத்தொகை போய்விடுமே என்று ஒரு நாள் தாமதித்தால், வண்டியே போய்விடக்கூடும்.

திருப்பித் தரும்போது

அட்டையைத் தந்துவிட்டோம், கடமை தீர்ந்தது என்று எண்ணலாகாது. நம் செல்பேசியைச் சாவியாகப் பதிந்திருந்தால் அதை நாமே நீக்கிவிட வேண்டும். இது உரிமையாளருக்கு மட்டுமன்று, நமக்கும் பாதுகாப்பு. பின்னால் வண்டிக்கு ஏதேனும் நேர்ந்தால், பட்டியலில் நம் பெயர் நிற்பது நமக்குத்தான் வீண் பழி.

பாட்டுக் கேட்கவும் வழி காட்டவும் செல்பேசியை வண்டியோடு இணைத்திருப்போம். அப்போது நம் உறவினர் தொலைபேசி எண்களும், நம் வீட்டு முகவரியும், நாம் சென்ற இடங்களும் வண்டியின் நினைவில் தங்கிவிடுகின்றன. இதைக் குறித்து அமெரிக்க அரசின் வாணிப ஆணையம் 2016-இலேயே வாடகைக்காரர்களை எச்சரித்தது. இறங்குமுன் அவற்றையும் அழித்துவிட வேண்டும். அட்டையைத் திருப்பித் தந்ததற்கு ஒரு வரியேனும் எழுத்தில் பெற்றுக்கொள்வது நன்று.

இவை அனைத்தும் பெருந்தொல்லை என்று சிலர் கருதக்கூடும். செய்து பார்த்தால் பத்து நிமிட வேலை. வீட்டில் இளைஞரிடம் இப்பொறுப்பை ஒப்படைத்தால் ஆர்வத்தோடு செய்வர். பெரியவர்கள் அருகிருந்து கேள்வி கேட்டால் போதும். அயலூரில் வாழும் நமக்கு நம்பிக்கையே பெருஞ்செல்வம்; அறிமுகமில்லாதவர் வண்டியை நம்மிடம் தருகிறார், அறிமுகமில்லாதவர் ஓட்டிய வண்டியில் நாம் குழந்தைகளை ஏற்றுகிறோம். அந்த நம்பிக்கையை முன்பு இரும்புச் சாவி சுமந்தது. இப்போது ஒரு பெயர்ப் பட்டியல் சுமக்கிறது. கொத்துச்சாவியை இடுப்பில் செருகுமுன் எண்ணிப் பார்த்த நம் தாய்மார்களின் பழக்கத்தை, இப்பட்டியலுக்கும் நாம் கொண்டுவர வேண்டுவதே தேவை.