பையனிடமும் சொல்லுங்கள்

நம் ஊர்களில் ஒரு பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் அந்தச் செய்தியை ஊரறியச் சொல்கிறோம். மண்டபம் பிடிக்கிறோம், பத்திரிகை அடிக்கிறோம், 'பூப்புனித நீராட்டு விழா' என்று பெண்ணின் படத்தோடு முச்சந்தியில் ஃபிளெக்ஸ் வைக்கிறோம். தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகளோடு மேளதாளம் முழங்க வருகிறார். வாசலில் மேசை போட்டு ஒருவர் மொய் எழுதுகிறார். அந்தப் பெண்ணின் எட்டு வயதுத் தம்பி புதுச் சட்டை போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்தபடி நிற்கிறான். "அக்காவுக்கு என்ன ஆச்சு? எதுக்கு இந்த ஃபங்ஷன்?" என்று அவன் கேட்டால்தான் அத்தனை பெரியவர்களுக்கும் பேச்சு வருவதில்லை. "அக்கா பெரிய மனுஷி ஆயிட்டா. நீ போய் விளையாடு" என்று அனுப்பிவிடுகிறோம்.

ஐந்நூறு பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டுக் கொண்டாடும் ஒரு விஷயத்தை, அவளோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவனுக்கு மட்டும் சொல்லாமல் விடுவதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

சொல்லாவிட்டால் பையனுக்குத் தெரியாமல் போய்விடும் என்று நினைக்கிறோம். அவன் கண்ணுக்கு எதுவும் தப்புவதில்லை. மாதத்தில் மூன்று நாள் அம்மா சாமி அறைப் பக்கம் போவதில்லை; விளக்கேற்ற அப்பாவைக் கூப்பிடுகிறாள். துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் போன அக்காவைப் பாட்டி அதட்டுகிறார். ஊறுகாய் ஜாடியைத் தொடக் கூடாது என்கிறார்கள். சில வீடுகளில் தனித் தட்டு, தனிப் பாய். ஏன் என்று கேட்ட பிள்ளைக்கு அந்தக் காலத்தில் "அம்மாவைக் காக்கா தொட்டுடுச்சு" என்றார்கள்; இப்போது "உனக்கு எதுக்குடா அதெல்லாம்?" என்கிறோம். இருமல் மருந்தை அப்படியே எடுத்து நீட்டும் மருந்துக்கடைக்காரர், நாப்கினை மட்டும் பழைய பேப்பரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, கறுப்புப் பையில் வைத்துத் தருகிறார். டிவி விளம்பரத்தில் நீலத் தண்ணீரை ஊற்றிக் காட்டுகிறார்கள். இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பத்து வயதுக்குள் அவன் ஒரு கணக்குப் போட்டுவிடுகிறான்: பெண்களுக்கு ஏதோ அசிங்கமானது வருகிறது, அதை மறைக்க வேண்டும். யாரும் வாய்திறந்து சொல்லாமலே வீடு அவனுக்கு இந்தப் பாடத்தை நடத்தி முடித்துவிட்டது. மிச்சத்தைப் பின்பெஞ்சும் கைபேசியும் பார்த்துக்கொள்கின்றன.

இந்தப் பாடத்துக்கு விலை கொடுப்பவர்கள் பெண் பிள்ளைகள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், பட்டுக்கோட்டை அருகே அணைக்காடு கிராமத்தில் ஒரு சிறுமி இறந்துபோனாள். முதல் மாதவிடாய் என்பதால் அவளை வீட்டுக்கு வெளியே குடிசையில் தங்கவைத்திருந்தார்கள். தென்னை மரம் அந்தக் குடிசை மேல் விழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2017 ஆகஸ்டில், நெல்லைப் பக்கம் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். சீருடையில் பட்ட கறைக்காக வகுப்பறையில் ஆசிரியர் அவமானப்படுத்தினார் என்று செய்திகள் வந்தன. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வகுப்பறைக்கு வெளியே படியில் உட்கார்ந்து தேர்வு எழுதினாள். காரணம், அவள் வயதுக்கு வந்திருந்தாள். அவளுடைய அம்மா எடுத்த வீடியோ ஊரெங்கும் பரவி, தலைமை ஆசிரியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

இந்த மூன்றிலும் எந்தப் பையனும் நேரடியாக ஒன்றும் செய்யவில்லையே என்று தோன்றலாம். பள்ளி விட்டு வரும் பெண் பிள்ளைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். "ஏய், பின்னாடி பாருடி, கறை இருக்கா?" என்று ஒருத்தி கேட்பாள், இன்னொருத்தி இரண்டடி பின்தங்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவாள். அந்தப் பயம் பாதிக்கு மேல் பையன்களின் சிரிப்பைப் பற்றிய பயம். கறையைப் பார்த்ததும் பெஞ்சைத் தட்டிச் சிரிக்காத நாலு பையன்கள் வகுப்பில் இருந்தால் அவளுடைய பள்ளி நாட்களே வேறு மாதிரி இருக்கும். அந்த நாலு பேரை வீட்டில்தான் வளர்க்க முடியும்.

சரி, எப்போது சொல்வது? அவன் கேட்கும்போது. பெரும்பாலும் ஐந்து, ஆறு வயதில் கேட்டுவிடுவான். என் மகன் அந்த வயதில் குளியலறைத் தரையில் ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். "அம்மா, உனக்கு அடிபட்டுச்சா?" முகமெல்லாம் வெளிறிப்போயிருந்தது. குழந்தைக்கு ரத்தம் என்றால் காயம். அதனால் முதலில் அந்தப் பயத்தை எடுக்க வேண்டும். "அடியெல்லாம் படலடா கண்ணு. பெரிய பொம்பளைங்களுக்கு மாசம் ஒரு தடவை இப்படிக் கொஞ்சம் ரத்தம் வரும். அது காயம் இல்ல. துணி நனையாம இருக்க பேட் வச்சுக்குவோம்" என்றேன். "வலிக்குமா?" என்றான். "சில நாள் வயிறு வலிக்கும்." அவ்வளவுதான், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நாம்தான் அந்த ஒரு கேள்விக்குள் ஆயிரம் கேள்விகளைப் பார்த்து மிரள்கிறோம். பிள்ளை கேட்டதற்கு மட்டும், பொய்யில்லாமல், அவனுக்குப் புரிகிற அளவில் சொன்னால் போதும். இன்னும் வேண்டுமென்றால் அவனே திரும்பி வருவான்.

எட்டு, ஒன்பது வயதில் உடம்பைப் பற்றிச் சொல்லலாம். பெண்ணின் அடிவயிற்றில் கருப்பை என்று ஒன்று இருக்கிறது. பாப்பா வளருவதற்கான இடம். ஒவ்வொரு மாதமும் அதன் உட்சுவரில் ரத்தமும் திசுவும் சேர்ந்து தடிப்பாகும். பாப்பா உருவாகாவிட்டால் அந்தப் படலம் கழன்று வெளியே வரும். நாலைந்து நாளில் மொத்தமாகப் போகும் ரத்தம் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு, மூன்று மேசைக்கரண்டி அளவுதான். அதனால் அம்மா செத்துப்போய்விட மாட்டாள். பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தொடங்குகிறது. ஒன்பது, பத்து வயதிலும் தொடங்கலாம். ஆக அவனோடு நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பெண்ணுக்கே வந்திருக்கலாம். வலி ஏன் என்று கேட்டால், கருப்பையும் ஒரு தசைதான், உள்ளே இருப்பதை வெளியே தள்ள அது இறுகிச் சுருங்குகிறது என்று சொல்லுங்கள். ஃபுட்பால் ஆடும்போது கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டு துடித்த பையனுக்கு இது உடனே விளங்கும்.

இதைப் பேசும்போதே அவன் உடம்பைப் பற்றியும் பேசிவிட வேண்டும். குரல் உடையும், முகத்தில் பரு வரும், தூக்கத்தில் விந்து வெளியேறும். எல்லாம் இயல்புதான் என்று நம் பையன்களுக்கு யார் சொல்கிறார்கள்? யாரும் சொல்லாததால்தான் லாட்ஜில் அறை எடுத்து 'வாலிப வைத்தியம்' பார்ப்பவர்களும், நள்ளிரவு டிவியில் இளைஞர்களை மிரட்டுபவர்களும் நம் ஊரில் இத்தனை காலம் பிழைத்தார்கள். அக்காவின் உடம்பு மாறுவதைப் போலத் தன் உடம்பும் மாறப்போகிறது என்று தெரிந்த பையனுக்கு அவளைக் கேலி செய்யத் தோன்றாது.

"சின்னப் பையன்கிட்ட போய் இதெல்லாமா? கெட்டுப் போயிடுவான்" என்ற குரல் எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். மாதவிடாய் உடலுறவைப் பற்றிய பேச்சு இல்லை. செரிமானம் எப்படி நடக்கிறது, பால்பல் ஏன் விழுகிறது என்று சொல்கிற அதே வகைப் பேச்சு. பாட்டி, தாத்தா வருத்தப்படுவார்கள் என்பது உண்மைதான். அவர்களோடு சண்டை போட வேண்டாம். ஆனால் 'தீட்டு' என்ற எண்ணத்தைப் பையனின் தலையில் ஏற்றவும் விட வேண்டாம். "பாட்டி அந்தக் காலத்து மனுஷி, அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படி. அம்மா அழுக்கு கிடையாது, அக்கா அழுக்கு கிடையாது" என்று அவனிடம் தெளிவாகச் சொல்லிவிடலாம். மதுரை மாவட்டம் கூவலப்புரம் போன்ற சில ஊர்களில் மாதவிடாய் நாட்களில் பெண்கள் ஊரின் ஒரு மூலையில் உள்ள 'முட்டுவீட்டில்' போய்த் தங்கும் வழக்கம் நம் காலத்திலும் இருந்துவருகிறது. அந்த ஊரில் பிறந்து வளரும் சிறுவனுக்கு, தன் அம்மா ஏன் அங்கே போய்ப் படுக்கிறாள் என்று கேட்க முழு உரிமை உண்டு.

பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் வளரிளம் பருவம் பற்றிய பாடம் இருக்கிறது. அதை "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிப் போகும் வகுப்புகள் எத்தனை என்று உங்கள் பிள்ளையையே கேட்டுப் பாருங்கள். தமிழக அரசு 2011ல் அறிவித்த 'புதுயுகம்' திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு நாப்கின் இலவசமாகக் கிடைக்கிறது. மிக நல்ல திட்டம். ஆனால் அதையொட்டி மாணவிகளிடம் பேச நர்ஸ் வரும்போது, "பாய்ஸ் எல்லாம் கிரவுண்டுக்குப் போங்க" என்று பையன்களை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். மாணவிகள் தனியாகக் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு, அதற்குத் தனி நேரம் வேண்டும். அதோடு பையன்களுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அதே நர்ஸையோ மருத்துவரையோ பேசவைக்கலாமே? 2014ல் மத்திய அரசு தொடங்கிய வளரிளம் பருவத்தினருக்கான தேசிய நலத் திட்டம் 10 முதல் 19 வயது வரையிலான ஆண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் வகுக்கப்பட்டது.

அப்பாக்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. கோவை அருணாசலம் முருகானந்தத்தின் கதை பலருக்கும் தெரியும். 1998ல் கல்யாணமான புதிதில், மனைவி எதையோ மறைத்து எடுத்துப்போவதைப் பார்த்தார். பழைய கந்தல் துணி. நாப்கின் வாங்கினால் வீட்டுக்குப் பால் வாங்கக் காசிருக்காது என்றார் மனைவி. அங்கிருந்துதான் மலிவு விலை நாப்கின் இயந்திரம் வரை போனார். தன் உடம்பிலேயே ஃபுட்பால் பிளாடரைக் கட்டி, அதில் ஆட்டு ரத்தத்தை ஊற்றிப் பரிசோதித்தார். ஊர் அவரைப் பைத்தியம் என்றது. மனைவி பிரிந்து போனார், அம்மாவும் போனார். பல ஆண்டுகள் கழித்து மனைவி திரும்பி வந்தார். 2016ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய இயந்திரத்தைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். மனைவி கையில் இருப்பது என்ன என்று ஒரு கணவன் கேட்டதற்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதைத்தான் நான் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன். இன்றைய அப்பாக்களுக்கு அந்த விலை இல்லை. மகன் பக்கத்தில் இருக்கும்போது, "இன்னைக்கு உனக்கு முடியலையா? நான் சோறு வைக்கிறேன், நீ படு" என்று மனைவியிடம் சொன்னால் போதும். அம்மா பத்து முறை சொல்லிப் புரியவைப்பதை அந்த ஒரு காட்சி செய்துவிடும்.

பேச்சோடு வேலையும் பழக வேண்டும். நான் மகனை மருந்துக்கடைக்கு அழைத்துப்போய் அவனையே கேட்கச் சொன்னேன். "அண்ணே, எக்ஸ்எல் பேட் ஒரு பாக்கெட்" என்றான். கடைக்காரர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பழக்கத்தில் பேப்பரை எடுத்தார். "பேப்பர் வேண்டாம் அண்ணே, பை இருக்கு" என்று மஞ்சள் பையை விரித்தான். ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு வந்தோம். பயன்படுத்திய நாப்கினைப் பேப்பரில் நன்றாகச் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். திடக்கழிவு மேலாண்மை விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. வீட்டுக் குப்பையைக் கீழே கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. அதை வாங்கித் தரம் பிரிப்பவர் வெறும் கையால் தொட நேரிடலாம் என்று சொன்ன பிறகு சுற்றிக் கட்டுவதில் அவன் ரொம்பக் கவனம்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். வெளிப்படையாகப் பேசுவது என்றால் மகளின் தேதியைக் கூடத்தில் அறிவிப்பது ஆகாது. மகனுக்குப் பாடம் எடுக்க அவளைக் காட்சிப்பொருள் ஆக்காதீர்கள். தம்பியிடம் சொல்லலாமா என்று அவளிடம் முதலில் கேளுங்கள். அது அவளுடைய உடம்பு, அவள் விருப்பம். அவள் சொல்லாமல் அவன் கேட்கக் கூடாது, வெளியில் யாரிடமும் சொல்லவும் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். வகுப்பில் ஒரு பெண்ணின் உடையில் கறை தெரிந்தால், கூச்சலில்லாமல் அவளுடைய தோழியிடமோ டீச்சரிடமோ சொல்வது, இடுப்பில் கட்டிக்கொள்ளத் தன் ஸ்வெட்டரைக் கொடுப்பது, பிறகு அதைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் இருப்பது. ஒரு பையன் தெரிந்துகொள்ள வேண்டிய நாகரிகம் இவ்வளவுதான்.

நாப்கினுக்கு இருந்த 12 சதவீத ஜிஎஸ்டியை 2018 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். அது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை, செய்தது. வீட்டில் பேச வேண்டியதை எந்த அரசாங்கமும் வந்து பேசாது. அடுத்த மாத மளிகைப் பட்டியல் எழுதும்போது பருப்பு, சோப்போடு நாப்கினையும் எழுதி மகன் கையில் கொடுத்து அனுப்புங்கள். ஏன், எதற்கு என்று அவன் கேட்டால், அன்றைக்கே உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்.