கணினியில் வளரும் காடும் ஆத்தூர் மலையும்

பழனி மலையடிவாரத்தில் அமைந்து திண்டுக்கல் நகருக்குக் குடிநீர் வழங்கும் ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தின் வரத்து, பெய்யும் மழையை மட்டுமன்றி மலைமேல் எவ்வகைத் தாவரங்கள் நிற்கின்றன என்பதையும் பொறுத்தது என்பதால், இந்நூற்றாண்டின் இறுதியில் அங்கு எது நிற்கும் என்பது அடிவாரத்து மக்களின் வாழ்வோடு ஒட்டிய கேள்வியாகும்.

இவ்வகைக் கேள்விகளை ஆராயவே உலகத் தாவர மாதிரிகள் எனப்படும் கணினி நிரல்கள் உருவாயின. நிலப்பரப்பைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மழை, வெப்பம், மண், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றைக் கொண்டு, அங்கே பசுமைமாறாக் காடு நிலைக்குமா, இலையுதிர் காடா, புல்வெளியா என்று அவை கணக்கிடுகின்றன. தனித்தனி மர இனங்களை அவை அறியா. ஒன்றுபோல் இயங்கும் தாவரங்களைச் 'செயல்வகை' என்னும் தொகுதிகளாகவே கொள்கின்றன.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் என்.எச். ரவீந்திரநாத்தும் சக ஆய்வாளர்களும் 2006இல் பயோம்4 மாதிரியைக் கொண்டு, மாசு வெளியேற்றம் மிகும் நிலையில் 2085 வாக்கில் இந்தியக் காட்டுக் கட்டங்களில் 77 விழுக்காடு வகை மாறக்கூடும் எனக் கணித்தனர். 2011இல் ஐபிஸ் என்னும் மாதிரி அதே நிலைக்கு 39 விழுக்காடு என்றது. தாவரங்கள் புதிய தட்பவெப்பத்துக்கு முழுமையாக ஒத்துப்போய்விட்ட இறுதி நிலையை முன்னது காட்டுகிறது. அவை முளைத்து, போட்டியிட்டு, மடியும் போக்கை ஆண்டுதோறும் தொடர்வது பின்னது. விடைகள் வேறுபடுவதைக் காட்டி மாதிரிகளை ஒதுக்குவது தவறு, ஏனெனில் எந்த எடுகோள் எவ்வளவு கனமானது என்பதை அவ்வேறுபாடே புலப்படுத்துகிறது.

அத்தகைய எடுகோள்களில் ஒன்று காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடின் தாக்கம். வெப்பமண்டலப் புற்களில் பல, கார்பனை இலைக்குள்ளேயே செறிவாக்கும் சி4 முறையைக் கையாள்வதால், காற்றில் அது குறைந்த காலங்களில் மரங்களை வென்றன. நீலகிரிச் சதுப்புகளின் மக்கிய படிவுகளை ஆராய்ந்த ஆர். சுகுமார் குழுவினர், கடந்த பனியுகத்தின் உச்சத்தில் அங்கு சி4 புற்கள் ஓங்கியிருந்ததை 1993இல் வெளியிட்டனர். இன்று கார்பன் பெருகுவதால், மாதிரிகள் மரங்களுக்கே சாதகமாகக் கணிக்கின்றன.

ஆனால் பழனி மலையில் புல்வெளியை அழித்தது தட்பவெப்பமன்று. 1973 முதல் நாற்பதாண்டுச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு, அங்குள்ள மலைப்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்ததையும், வாட்டில், யூக்கலிப்டஸ், பைன் தோட்டங்களும் வேளாண்மையும் அவ்விடத்தைப் பிடித்ததையும் காட்டியது. மனிதர் நட்டதை விடுத்து இயற்கையாக என்ன வளரும் என்றே கணிக்கும் மாதிரி இதைக் காணாது. மேலும் ஐம்பது கிலோமீட்டர் அகலக் கட்டம் ஒன்றில் ஆத்தூர் வயலும், ஈராயிரம் மீட்டர் உயரச் சோலைக்காடும் ஒரே சராசரியாகிவிடக்கூடும். அடிவாரத்துக்குப் பயன்படும் கணிப்பு வேண்டுமெனில், வாட்டிலுக்கென ஒரு செயல்வகையும், மலைச்சரிவின் ஏற்ற இறக்கத்தைப் பிரித்தறியும் சிறு கட்டங்களும், ஓடைகளில் தொடர்ந்து அளந்த நீரோட்டக் கணக்கும் முதலில் தேவை.